முதல் நாளே பூட்டு: வெளியீட்டு நாளில் விற்கும் கட்டண டிஎல்சி நியாயமா?

#1 இரவுவிளக்கு

என் தங்கை ஆறு மாதமாக நாள் எண்ணிக் காத்திருந்த கேம் ஒன்றை, அது வெளியான அன்றே முழு விலை கொடுத்து வாங்கித் தந்தேன். அப்டேட் இறங்கி முடியும்வரை கன்சோலுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விளையாடத் தொடங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது, கதையில் ஒரு பாழடைந்த கோட்டை வந்தது. அதன் உள்முற்றத்தில் நான்கு கதவுகள். மூன்றை நெருங்கினால் "திற" என்று எழுத்து வருகிறது. நான்காவதை நெருங்கினால் ஒரு சிறிய பையின் படமும் அதன் கீழே ஒரு விலையும் வருகின்றன. அவள் இரண்டு மூன்று முறை பின்னால் போய்த் திரும்பி வந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணா, நீ வாங்கும்போது ஏதாவது விட்டுப்போய்விட்டதா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இந்த இழை.

டிஎல்சி என்றால் கேமோடு சேர்க்கத் தனியாகப் பதிவிறக்கும் கூடுதல் பகுதி. அதுவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 'எல்டன் ரிங்' 2022 பிப்ரவரியில் வந்தது. அதன் விரிவாக்கம் 2024 ஜூனில் வந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்துச் செய்ததற்குப் பணம் கேட்டார்கள், மனமாரக் கொடுத்தேன். என் வழக்கு வெளியீட்டு நாளிலேயே தனி விலை ஒட்டி விற்கும் பொருளைப் பற்றியது. பலருக்கும் தெரிந்த உதாரணம் 'மாஸ் எஃபெக்ட் 3'. 2012 மார்ச் 6 அன்று வெளியானது. அதே நாளில் 'ஃப்ரம் ஆஷஸ்' என்ற டிஎல்சியை 10 டாலருக்கு விற்றார்கள். அதில் இருந்தது ஜாவிக் என்ற துணைவீரன். முதல் பாகத்திலிருந்தே அந்தக் கதை 50,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன புரோத்தியன் இனத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. அந்த இனத்தில் உயிரோடு மிஞ்சியவன் ஜாவிக். கலெக்டர்ஸ் எடிஷன் வாங்கியவருக்கு அவன் கிடைத்தான். சாதாரணப் பெட்டி வாங்கியவருக்கு அவன் கடையில் இருந்தான்.

முடித்து வைத்த பண்டத்தில் ஒரு துண்டை அறுத்துத் தனியாக விற்பதாகவே எனக்குப் படுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், கேட்கத் தயாராக இருக்கிறேன்.

#2 குறுந்தட்டுக்காலம்

உங்கள் கட்சிதான் நான். 'ஸ்டார்கிராஃப்ட்' 1998-இல் வந்தபோது அதன் விரிவாக்கம் அதே ஆண்டின் இறுதியில் தனிப் பெட்டியாக வந்தது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' 1999-இல். 'தி காங்கரர்ஸ்' 2000-இல். முதல் கேமை ஆடித் தீர்த்து, எதிலாவது குறை கண்டு, இன்னும் வேண்டும் என்று மனம் ஏங்கும் நேரத்தில் அவை வந்தன. 2006-இல் 'ஒப்லிவியன்' குதிரைக் கவசத்தை 2.50 டாலருக்கு விற்றபோது ஊரே சிரித்தது. அதுகூட கேம் வெளியாகிச் சில வாரம் கழித்துத்தான் வந்தது.

#3 சட்டகம்60

எதிர்த்தரப்பில் ஒருவராவது பேச வேண்டும். நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், கேம்களின் நிலைகளை வடிவமைக்கும் வேலை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

"முடித்து வைத்த பண்டம்" என்று இரவுவிளக்கு எழுதியதில்தான் சிக்கல். வெளியீட்டு நாளில் கேம் முடிந்தது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது பல மாதம் முன்பே முடிந்துவிடுகிறது. ஒரு தேதிக்குப் பிறகு புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது என்று பூட்டிவிடுவார்கள். அதற்கு மேல் பிழை திருத்தம் மட்டும்தான். அதைச் செய்பவர்கள் நிரலாளர்களும் சோதனையாளர்களும். உருவங்களை வரையும் ஓவியரின் மேசை அதற்கு வெகுமுன்பே காலியாகிவிடும். எழுத்தாளரும் அப்படியே, குரல் பதிவு முடிந்த பிறகு அவர் ஒரு வரியை மாற்றினால்கூட எல்லோரும் பதறுவார்கள். ஓவியரைக் கூப்பிட்டு, நினைவகக் கசிவு போன்ற நிரல் பிழையைத் திருத்து என்று சொல்ல முடியாது.

அப்புறம் சான்றளிப்பு. சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ மூவரும் தங்கள் கன்சோலில் கேம் ஒழுங்காக ஓடுகிறதா என்று தனித்தனியாகச் சோதிப்பார்கள். கட்டுப்பாட்டுக் கருவியின் இணைப்பைப் பாதியில் துண்டித்தால் என்ன ஆகிறது, சேமிக்கும்போது இடம் தீர்ந்துபோனால் என்ன செய்தி வருகிறது என்பதுவரை பார்ப்பார்கள். தவறினால் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். அது முடிந்தால் டிஸ்க் அச்சடிப்பு, பெட்டி, போக்குவரத்து. 'மாஸ் எஃபெக்ட் 3' இயக்குநர் கேஸி ஹட்சன் அப்போது சொன்னதும் இதையேதான்: உள்ளடக்கம் முடிந்ததிலிருந்து டிஸ்க் கடைக்குப் போக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது, அந்த இடைவெளியில் டிஎல்சி வேலை நடக்கிறது. இதைப் பொய் என்று பலர் ஏசினார்கள். பொய் இல்லை. அந்த மூன்று மாதத்தில் எங்களுக்குக் கொடுக்க வேலை இல்லாவிட்டால் நிறுவனங்கள் என்ன செய்யும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மேசைமேல் இருந்த செடியை அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனவர்கள் என் நண்பர்கள்.

#4 இரவுவிளக்கு

சட்டகம் நண்பரே, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. சான்றளிப்பு இவ்வளவு நாள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. "அறுத்து விற்பது" என்ற என் சொல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்று இடிக்கிறது. ஜாவிக்கின் உருவம் சம்பந்தமான கோப்புகள் அந்த டிஸ்கிலேயே இருந்ததை விளையாட்டாளர்கள் கண்டுபிடித்தார்கள். கேமைச் செய்த பயோவேர் நிறுவனம் மறுக்கவும் இல்லை. கதையோடு பின்னிப் போகும் பாத்திரம் என்பதால் சில அடிப்படைகளை முன்கூட்டியே டிஸ்கில் வைக்க வேண்டியிருந்தது, மீதி எல்லாம் பதிவிறக்கத்தில்தான் வருகிறது என்றார்கள். அப்படியானால் மூன்று மாத இடைவெளி தொடங்கும் முன்பே அவனுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. அவனைத் தனியாக விற்கப்போகிறோம் என்ற முடிவும் அப்போதே எடுத்ததுதானே?

#5 கால்வட்டம்

டிஸ்க் பேச்சு வந்துவிட்டதால் நானும் எழுதுகிறேன். நான் ஆடுவது சண்டை கேம்கள் மட்டும்.

'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்', அதுவும் 2012 மார்ச். டிஸ்கில் 12 வீரர்கள் பூட்டிய நிலையில் முழுதாக இருந்தார்கள். பிளாங்கா, சகுரா, பிரையன், லார்ஸ் எல்லோரும் அந்தப் பன்னிரண்டில் உண்டு. சில மாதம் கழித்து 20 டாலர் கட்டினால் பூட்டு திறக்கும் என்றது அதை வெளியிட்ட கேப்காம் நிறுவனம். அந்த 12 பேர் வீட்டா என்ற கையடக்கக் கன்சோலுக்கான பதிப்பில் உள்ளேயே சேர்ந்து வந்தார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்ட முடியாது. கேப்காம் சொன்ன காரணம், வாங்கியவரும் வாங்காதவரும் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டுமானால் இருவரிடமும் அந்தக் கோப்புகள் இருக்க வேண்டும் என்பது. தொழில்நுட்ப ரீதியாக அது சரி.

என் குறை வேறு இடத்தில். சண்டை கேமில் நான் தோற்றால், தோற்கடித்த அடியைப் பயிற்சி அறையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். எதிராளியின் வீரனை நானே எடுத்து, அந்த உதை எத்தனை சட்டகத்தில் (திரையில் ஓடும் ஒற்றைப் படம்தான் சட்டகம்) வருகிறது, தடுத்த பிறகு யாருக்கு முந்திக்கொள்ள வாய்ப்பு என்று எண்ணுவேன். எதிராளியிடம் இருக்கும் வீரன் என்னிடம் பூட்டியிருந்தால் அந்தப் படிப்பு எனக்கு இல்லை. பணம் கொடுத்தவன் ஒரு வீரனை வாங்கவில்லை, என்மேல் ஒரு சாதகத்தை வாங்கியிருக்கிறான். ஒற்றை ஆளாக ஆடும் கதை கேமில் இந்தப் பிரச்சினையே எழாது. போட்டி கேமில் வெளியீட்டு நாளிலிருந்தே எழுகிறது, ஏனென்றால் முதல் வாரத்தில்தான் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து கிளம்புகிறார்கள்.

#6 சட்டகம்60

கால்வட்டம் சொன்ன பயிற்சி அறை விஷயம் நூற்றுக்கு நூறு சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரவுவிளக்குக்கு: டிஸ்கில் இருந்ததா, பதிவிறக்கத்தில் வந்ததா என்பதை நியாயத்தின் அளவுகோலாக எடுக்காதீர்கள். நாளைக்கே அந்தக் கோப்புகளை டிஸ்கிலிருந்து எடுத்துவிட்டு வெளியீட்டு நாளன்று உங்களைப் பதிவிறக்கம் செய்ய வைக்க எங்களுக்கு ஒரு மணி நேர வேலை. அதனால் உங்களுக்கு நியாயம் கிடைத்துவிடுமா? இணையம் வேகமில்லாத வீட்டில் காத்திருக்கும் நேரம்தான் கூடும். பெட்டிக்குள் பார்த்து எண்ணுவதால் நாங்கள் ஒளிக்கக் கற்றுக்கொள்வோம், அவ்வளவுதான்.

#7 கணக்கன்

யாரும் விலையைத் தொடவில்லை, நான் தொடுகிறேன்.

எக்ஸ்பாக்ஸ் 360 வந்த 2005-இலிருந்து பெரிய கேம்களின் அமெரிக்க விலை 60 டாலர். 70 டாலரானது 2020-இல்தான். இடையில் 15 வருடம். அந்த 15 வருடத்தில் உலகில் வேறு எந்தப் பொருளின் விலை ஏறாமல் நின்றது? ஒரு கேமைச் செய்யும் ஆட்களின் எண்ணிக்கை பல மடங்கானது, முகபாவம் வரை நடிகர்களை வைத்துப் பதிவு செய்கிறார்கள். விற்கும் மேடைக்கு 30 சதவீதம் போகிறது. அடிப்படை விலையை ஏற்றினால் எல்லோர்மேலும் சுமை. விருப்பமுள்ளவரிடம் மட்டும் கூடுதலாக வாங்கினால், 60 டாலருக்கு மேல் முடியாதவர் 60 டாலரிலேயே விளையாடுகிறார். ஜாவிக்கை வாங்கியவர்தான் வாங்காதவரின் விலையைக் கீழே பிடித்துவைத்தார் என்று ஏன் பார்க்கக் கூடாது?

வெளியீட்டு நாளில் விற்பதற்கும் காரணம் உண்டு. ஆட்கள் கேமைத் தொட்டிருக்கும் நேரம் அதுதான். ஆறு மாதம் கழித்து அவர்களில் பெரும்பகுதி வேறு கேமுக்குப் போயிருப்பார்கள்.

#8 குறுந்தட்டுக்காலம்

கணக்கன் நண்பரே, உங்கள் வாதத்தை 2012-இல் கேட்டிருந்தால் நானும் மயங்கியிருப்பேன். இப்போது விலை 70 ஆகிவிட்டது. பூட்டுகள் கழன்றனவா? 2024 மார்ச்சில் 'டிராகன்ஸ் டாக்மா 2' 70 டாலருக்கு வந்தது. ஒற்றை ஆள் விளையாடும் கேம். முதல் நாளே ஸ்டீம் என்ற இணையக் கடையில் அதன் கீழே சிறு சிறு கட்டணப் பொருட்களின் நீண்ட பட்டியல்: செத்தவரை எழுப்பும் கல், தோற்றத்தை மாற்றும் ஏடு, இப்படி. பெரும்பாலானவை கேமுக்குள் ஆடியே கிடைக்கும் என்று கேப்காம் விளக்கியது, அது உண்மையும்கூட. ஆனால் ஸ்டீமில் முதல் நாள் மதிப்புரைகள் சரிந்ததைப் பார்த்தோம். விலையை ஏற்றாததற்கு ஈடாகத்தான் இது என்றால், ஏற்றிய பிறகும் ஏன் தொடர்கிறது?

இன்னொன்று. இந்த இழையில் யாரும் 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' பற்றிப் பேசவில்லை. 2009 நவம்பர். சண்டை முடிந்து உங்கள் ஆட்களோடு முகாமுக்குத் திரும்புகிறீர்கள். நெருப்பு எரிகிறது, நாய் படுத்திருக்கிறது, தோழர்கள் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். அந்தக் கதையில் மூச்சு விடக் கிடைக்கும் ஒரே இடம் அது. அங்கே லீவை டிரைடன் என்ற வணிகன் நிற்கிறான், தலைக்கு மேல் ஒளிரும் குறியோடு. பேசுகிறீர்கள். தன் குடும்பத்துக்கு வந்த பழியைச் சொல்லி உதவி கேட்கிறான். சரி, வருகிறேன் என்று சொல்ல நினைத்தால் 7 டாலர் டிஎல்சி வாங்கச் சொல்கிறது. வாங்காவிட்டால் அவன் அங்கேயே நிற்பான், ஒவ்வொரு முறை நீங்கள் முகாமுக்கு வரும்போதும்.

அந்த உள்ளடக்கம் எப்போது தயாரானது என்பது எனக்குப் பொருட்டே இல்லை. தன் துயரத்தைச் சொல்லும் ஒரு பாத்திரத்தின் வாயில் விலைச்சீட்டைத் தொங்கவிட்டார்கள். அந்த முகாமில் அதன் பிறகு யார் என்னிடம் பேச வந்தாலும், இவனும் விற்க வந்தவனோ என்று ஒரு கணம் தோன்றுகிறது. கதைக்குள் வைத்த நம்பிக்கை ஒருமுறை போனால் போனதுதான்.

#9 நீலத்திரை

முகாம் உதாரணத்தைப் படித்தபோது எனக்கும் மனம் கனத்தது. அருமையாகச் சொன்னீர்கள்.

பழைய டிஸ்க் வாங்கி விளையாடியவர்களின் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் பாஸ் காலம் நினைவிருக்கிறதா? புதிய பெட்டிக்குள் ஒருமுறை மட்டும் செல்லும் குறியீட்டுச் சீட்டு இருக்கும். இரண்டாம் கையாக வாங்கினால் சீட்டு செத்துப்போயிருக்கும். 2011-இல் 'பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி'யில் கேட்வுமன் வரும் பகுதிகளே அப்படி ஒரு சீட்டுக்குப் பின்னால்தான் இருந்தன. புதிய பெட்டி வாங்கியும் வீட்டில் இணையம் இல்லையென்றால் அவள் கிடைக்க மாட்டாள். ஈஏ நிறுவனம் 2013-இல் ஆன்லைன் பாஸ் முறையையே கைவிட்டது. மாணவப் பருவத்தில் நான் ஒருமுறை சேர்த்து வைத்த காசில் பழைய டிஸ்க் ஒன்று வாங்கினேன், எந்தக் கேம் என்பது வேண்டாம். முதல் பயன்பாட்டாளர் அந்தச் சீட்டை மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார். அந்த இருபத்தைந்து எழுத்துகளையும் கண்ட்ரோலரால் ஒவ்வொன்றாக நகர்த்தி அடித்து முடித்தேன். "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று வந்தது. ஓ-வை பூஜ்யமாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து அடித்தேன்.

என் கருத்து: உடை, நிறம், ஆயுதத்தின் தோற்றம் ஆகியவற்றை முதல் நாளே விற்கட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 'டைட்டன்ஃபால் 2' அப்படித்தான் செய்தது. புதிய களங்கள் எல்லாருக்கும் இலவசம், தோற்ற மாற்றங்கள் மட்டும் விலைக்கு. காசு கொடுத்தவர் ஒரு களம், கொடுக்காதவர் ஒரு களம் என்று ஆட்கள் பிரிந்துபோகும் தொல்லை அதில் இல்லை. 'தி விட்சர் 3' 2015 மே மாதம் வந்தபோது சின்னச் சின்ன டிஎல்சிக்கள் 16-ஐயும் இலவசமாகக் கொடுத்து, பெரிய விரிவாக்கங்கள் இரண்டை மட்டும் பிறகு விற்றார்கள். இடைவெளியில் ஓவியர்களுக்கு வேலை வேண்டும் என்பது சரிதான். செய்த வேலையை விற்றே ஆக வேண்டும் என்பது அதிலிருந்து தானாக வருவதில்லையே?

#10 நெறியாளர்

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். சட்டகம்60 தன் வேலையைப் பற்றித் திறந்த மனதோடு எழுதுகிறார். நிறுவனங்களின் முடிவுகளுக்கு அவரைத் திட்டுவதை இங்கே அனுமதிக்க மாட்டேன். வாதம் தொடரட்டும்.

#11 சட்டகம்60

நன்றி, நெறியாளரே. நீக்கிய பதிவைப் படித்தேன், பரவாயில்லை. அதை எழுதியவரின் கோபத்தில் ஒரு பங்கு நியாயம் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பதிவில் பாதியைத்தான் சொன்னேன். ஓவியர்கள் காலியாக இருப்பதால் டிஎல்சி பிறக்கிறது என்பது எங்கள் மேசையிலிருந்து தெரியும் காட்சி. மேலே இருப்பவர்களின் மேசையில் வேறு காட்சி. டிஎல்சிக்குத் தனி நிதி, தனி அட்டவணை. அந்த நிதிக்கு ஒப்புதல் வாங்குவது பூட்டும் தேதிக்கு வெகு முன்பு. கதை முழு வடிவம் பெறாத நேரத்திலேயே "வெளியீட்டு நாளில் விற்க ஒன்று" என்ற வரி திட்டத் தாளில் ஏறிவிடும். என்ன விற்கப்போகிறோம் என்பது பிறகுதான் தெரியும்.

அப்புறம் ஒரு கூட்டம் நடக்கும். எதை அங்கே போடலாம்? நேரம் போதாமல் கேமிலிருந்து விழுந்த யோசனைகள் எப்போதும் நாற்பது ஐம்பது கிடக்கும். அவற்றில் மங்கலானதை எடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே எல்லோருக்கும் பிடித்ததைத்தான் எடுப்போம். நான் இருந்த ஒரு கூட்டத்தில் எழுத்தாளர் ஒருவர், "இது உள்ளே இருந்தால் இரண்டாம் பகுதி நிமிரும்" என்றார். உண்மைதான், எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் உள்ளே வைக்க நிதி இல்லை, வெளியே வைக்க இருந்தது. வெளியே வைத்தோம். நன்றாகச் செய்தோம். நான் செய்த வேலைகளில் நல்லது அது. நான் அதற்காக வெட்கப்படவில்லை. ஆனால் எழுத்தாளர் சொன்னதை மறக்கவும் முடியவில்லை.

#12 கால்வட்டம்

இதை எழுத நெஞ்சுரம் வேண்டும், நண்பரே. வணக்கம்.

#13 இரவுவிளக்கு

சட்டகம் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் நிலை மாறியிருக்கிறது. எங்கே மாறியது என்று சொல்லிவிடுகிறேன்.

தேதியைப் பிடித்துத் தொங்கியது தவறு. வெளியீட்டு நாளுக்கு முந்தைய நாள் முடித்ததா, மூன்று மாதம் முன்பு முடித்ததா என்று நம்மால் அளக்கவும் முடியாது. டிஸ்கும் அளவுகோல் ஆகாது. இப்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கடை என்ற ஒன்றே இல்லாதிருந்தால், கதை சொல்பவர் இதை எங்கே வைத்திருப்பார்? குதிரைக் கவசத்தை எங்கேயும் வைத்திருக்க மாட்டார், போகட்டும். ஜாவிக்கை உள்ளே வைத்திருப்பார். அசாரி என்ற வேற்றுக்கிரக இனத்தின் கோயிலுக்கு அவனை அழைத்துப் போனால், அந்த இனம் காலங்காலமாகக் கும்பிட்டுவந்தது யாரை என்பது அவன் வாயிலிருந்து வருகிறது. மூன்று பாகமாகக் கட்டிய கதையில் ஒரு முடிச்சு அங்கே அவிழ்கிறது. அதைக் கதையின் விளிம்பு என்று யாராவது சொல்ல முடியுமா?

#14 கணக்கன்

சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கேள்விக்குச் சட்டகம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார். கடை இல்லாதிருந்தால் அந்த நிதியும் இல்லை. கதை சொல்பவர் அவனை உள்ளே வைக்க ஆசைப்பட்டிருப்பார், கிடைத்திருக்காது. யாருக்குமே கிடைக்காத ஜாவிக் நல்லதா, 10 டாலர் கொடுத்தவருக்குக் கிடைத்த ஜாவிக் நல்லதா? நான் இரண்டாவது பக்கம்தான் நிற்பேன்.

மறைப்பதை மட்டும் நானும் ஏற்க மாட்டேன். 2013-இல் 'மெட்ரோ: லாஸ்ட் லைட்'டின் ரேஞ்சர் என்ற கடினமான ஆட்டமுறை முன்பதிவு செய்தவருக்கு இலவசம், மற்றவருக்குக் கட்டணம். கேமை எப்படி விளையாட வேண்டும் என்று நினைத்துச் செய்தார்களோ அந்த முறை இதுதான் என்று அதையே விளம்பரமும் செய்தார்கள். அப்படியானால் மற்றவர் வாங்கிய பெட்டியில் இருந்தது என்ன? இப்படி வாயாலேயே ஒப்புக்கொள்பவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். 2016-இல் வெளியான 'டோட்டல் வார்: வார்ஹாமர்' கேயாஸ் படையை முன்பதிவுப் பரிசாக அறிவித்து ஏச்சு வாங்கியது, பிறகு முதல் வாரத்தில் வாங்குபவருக்கும் அது உண்டு என்று நீட்டினார்கள். சத்தம் போட்டால் அசைகிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

#15 நீலத்திரை

கணக்கன், "யாருக்கும் கிடைக்காததைவிட" என்ற வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. யாருக்கும் கிடைக்காவிட்டால் எழுத்தாளர் அந்த இல்லாமையைச் சுற்றிக் கதையைத் தைத்திருப்பார். தையல் தெரியாது. விற்க வைத்தால் அப்படித் தைக்கக் கூடாது. வாங்கியவர் செருகுவதற்கு ஒரு வாய் திறந்தே இருக்க வேண்டும், வாங்காதவர் அதைப் பார்த்து ஆசைப்படவும் வேண்டும். இரவுவிளக்கின் தங்கை பார்த்த நான்காவது கதவு அந்தத் திறந்த வாய்தான். கதவே இல்லாத சுவராக இருந்திருந்தால் அந்தக் குழந்தை எதையும் இழந்திருக்காது.

நடைமுறைக்கு ஒன்று. 2024 நவம்பரில், பின்னால் வரும் டிஎல்சிக்களை முன்கூட்டியே மொத்தமாக விற்கும் சீசன் பாஸ்களுக்கு ஸ்டீம் விதி கொண்டுவந்தது: உள்ளே என்னென்ன டிஎல்சி, எப்போது வரும் என்று முன்பே எழுத வேண்டும், ரத்தானால் அதன் மதிப்பைத் திருப்பித் தர வேண்டும். இதே போல, "இந்தப் பெட்டியில் இல்லாதவை" என்று ஒரு பட்டியலைக் கேமின் பக்கத்திலேயே, வாங்கும் பொத்தானுக்கு மேலே போடச் சொல்லலாம். மூன்று எடிஷன்களை அருகருகே நிறுத்தி, இல்லாதவற்றைச் சாம்பல் நிறத்தில் மங்கலாக்கும் அட்டவணையை நான் சொல்லவில்லை. பாத்திரத்தின் பெயர், பகுதியின் நீளம், எந்த அத்தியாயத்தில் வருகிறது என்பதுவரை எழுத வேண்டும். பிறகு வாங்குபவர் பாடு.

#16 குறுந்தட்டுக்காலம்

அப்படி ஒரு பட்டியல் வந்தால் நான் என் வாதத்தில் பாதியை வாபஸ் வாங்குவேன். முகாமில் நிற்கும் வணிகனை மட்டும் எக்காலத்திலும் மன்னிக்க மாட்டேன்.

#17 புதியவாசகர்

வணக்கம். இங்கே இது என் முதல் பதிவு. நான் 'மாஸ் எஃபெக்ட்' விளையாடியது 2021-இல் வந்த 'லெஜெண்டரி எடிஷன்' தொகுப்பில்தான். ஜாவிக்கைத் தனியாக விற்றார்கள் என்பதே இந்த இழையைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று முறை நம்பாமல் மேலே போய்ப் படித்தேன்.

என் ஆட்டத்தில் அவன் ஆரம்பத்திலேயே வந்துவிட்டான். கப்பலின் கீழ்த்தளத்தில் தண்ணீர்த் தொட்டியில் கை அலம்பிக்கொண்டே இருப்பான். தொட்டதிலிருந்து நினைவுகளைப் படிக்கும் இனம் என்பதால் அப்படி. ஒவ்வொரு பணி முடிந்ததும் முதலில் அவனைப் பார்க்கத்தான் ஓடுவேன். அந்தக் கோயிலுக்கும் அவனைத்தான் அழைத்துப் போனேன், வேறு யாரையும் அழைத்துப் போகலாம் என்று தோன்றவே இல்லை. 2012-இல் அந்தக் கோயிலில் அவன் இல்லாமல் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும்?

#18 குறுந்தட்டுக்காலம்

நான் அப்படி நின்றவன், தம்பி. சாதாரணப் பெட்டி. காட்சி நன்றாகவே இருந்தது. கேள்வி கேட்க ஆள் இல்லாமல் சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், கண்டுபிடித்தோம், நகர்ந்தோம். குறை இருப்பதே எனக்கு அன்று தெரியவில்லை. நீ எழுதியதைப் படித்த பிறகுதான் தெரிகிறது.

#19 சட்டகம்60

இரவுவிளக்கு, கேட்க மறந்துவிட்டேன். அந்த நான்காவது கதவைத் தங்கைக்கு வாங்கிக் கொடுத்தீர்களா?

#20 இரவுவிளக்கு

இல்லை. வாங்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்றாள். போன வாரம் கதையை முடித்துவிட்டாள், இறுதிப் பெயர்ப்பட்டியல் ஓடி முடியும்வரை பார்த்தாள். பிறகு வரைபடத்தைத் திறந்து ஒவ்வோர் இடமாக நகர்த்திக்கொண்டே போனாள். எல்லா இடத்திலும் முடிந்ததற்கான பச்சைக் குறி. கோட்டையில் மட்டும் ஒரு மஞ்சள் புள்ளி இன்னும் மினுங்குகிறது. "அப்படியானால் நான் முடித்துவிட்டேனா, இல்லையா?" என்று கேட்டாள்.

முடித்துவிட்டாய் என்றுதான் சொன்னேன். அவள் வரைபடத்தை மூடவில்லை.